தண்டவாளம் நீங்கிய வழி

வழி என்பது நடப்பவன் செய்ததன்று. அவனுக்கு முன் உழைத்தவன் செய்தது. இவ்வெளிய உண்மையை மறந்தே நாம் நாள்தோறும் நடக்கிறோம். அம்மறதி குற்றமாகுமா?

சிங்கப்பூரில் 1903-ஆம் ஆண்டு ஓர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னாளில் அது தஞ்சோங் பகார் நிலையத்தை மலாயாவோடு இணைத்தது. 2011 ஜூன் 30 இரவு, அங்கிருந்து இறுதி வண்டி புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதனை ஓட்டிச் சென்றார். தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் இன்று நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் உரிய பசுமை வழி. பழைய இரும்புப் பாலங்களும் புக்கித் தீமா நிலையமும் பேணப்படுகின்றன.

மலாயாவின் இருப்புப்பாதைகளில் சல்லி கொட்டியும் கட்டை அடுக்கியும் உழைத்தவருள் தமிழர் மிகப் பலர். வியர்வை சிந்திய இடத்தில் இன்று இன்பமாக உலாவுதல் முறையோ என ஒருவர் வினவலாம். உழைத்தவன் விரும்பியது வேறென்ன? தன் மக்கள் சுமையின்றி நடக்க வேண்டும் என்பதன்றோ? ஆகவே மகிழ்ந்து நடப்பது பிழையன்று. பிழை வேறிடத்தில் உள்ளது.

சயாம்–பர்மா இருப்புப்பாதையை எண்ணிப் பாருங்கள். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த அப்பாதையில் மாண்ட போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு மடிந்த ஆயிரமாயிரம் தமிழருள் பெரும்பாலோர்க்குப் பெயருமில்லை, கல்லுமில்லை. கைவிடப்பட்ட அத்தடத்தின் ஒரு பகுதியிலும் இன்று பயணிகள் நடக்கின்றனர். நடை ஒன்றே, நினைவு மட்டும் ஒருவர்க்கு உண்டு, மற்றவர்க்கு இல்லை. இங்கேதான் அநீதி நிகழ்கிறது.

புகைவண்டியே ஓடாத நம் அந்தமானுக்கு இதில் என்ன தொடர்பு எனலாம். நாம் உலாவும் வழிகளும் பிறர் வகுத்தவையே. 1858 முதல் கொண்டுவரப்பட்ட கைதிகள் காடு வெட்டி வழி சமைத்தனர். அக்காடோ பழங்குடியினரின் வாழ்விடமாக இருந்தது. ராஸ் தீவில், 2018 முதல் நேதாஜியின் பெயர் தாங்கும் அத்தீவில், நாம் விடுமுறை நாளில் குழந்தைகளோடு நடக்கிறோம். 1896 முதல் 1906 வரை எழுப்பப்பட்ட செல்லுலார் சிறை, 1979-இல் நாட்டின் நினைவுச் சின்னமாயிற்று. அதன் முற்றத்தில் அமர்ந்து ஒளி, ஒலிக் காட்சி காண்கிறோம். அங்கு அடைபட்ட தலைவர்களின் பெயர்களை அறிவோம். அச்சுவர்களுக்குச் செங்கல் சுமந்தவனின் பெயரை அறியோம்.

பெயரை அறிய இயலாவிடினும், ஒருவன் இருந்தான் என்பதை அறியலாம். கடன் முழுதும் தீர்க்க இயலாதென்பதால் அதனை மறுத்துவிடலாகாது. பெற்றோர்க்குப் பட்ட கடனும் அத்தன்மையதே. எவரும் அதனை அடைத்து முடித்ததில்லை, ஆயினும் நன்மக்கள் அதனை ஒப்புக்கொள்கின்றனர்.

கடல் கடந்து வந்து குடியேறிய நம் குடும்பங்கட்கு இக்கடமை இருமடங்கு உண்டு. நம் முன்னோரும் எங்கோ ஒரு வழியில் பெயரின்றி உழைத்தவர்களே. ஆதலின் அடுத்த முறை பிள்ளைகளின் கைபிடித்து நடக்கும்போது, ஒரு சொல் கூறுங்கள்: “இவ்வழி தானே தோன்றியதன்று.” அச்சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை, தான் செல்லும் வழியைத் தனக்கே உரியதென எண்ணாது, பின்வருவோர்க்கும் வழி விட்டு நடக்கும்.