வேடன் அறிந்த தூரம்

ஈழத்துச் சைவாலயங்களின் மகோற்சவ காலத்தில் வேட்டைத் திருவிழா ஒரு சிறப்பான நாள். பல ஆலயங்களில் எம்பெருமான் வில்லும் அம்பும் தாங்கிக் குதிரை வாகனத்தில் எழுந்தருளி, வேட்டையாடி மீண்டு வருகின்றான். கொல்லாமையைப் பெரிய அறமாகப் போற்றும் சைவ சமயத்தில் வேட்டைக்கு ஏன் ஒரு திருவிழா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஆன்மாவைப் பற்றி நிற்கும் காமம், குரோதம் முதலான கொடிய விலங்குகளை இறைவன் அழித்தருளுவதையே அது குறிக்கின்றது எனப் பெரியோர் விளக்குவர். ஆயினும் அந்த வில்லை இன்னும் சற்று உற்று நோக்கினால், அடியவர் வாழ்வுக்கு வேண்டிய மற்றுமொரு பாடமும் அதில் உண்டு. அது தூரம் அறிதல் என்னும் பாடமாகும்.

வில்லெடுத்து வேட்டையாடுபவன் முதலிற் கற்க வேண்டியது நாணை இழுப்பதன்று. இலக்கு எவ்வளவு தொலைவில் நிற்கின்றது என்பதை மதிக்கக் கற்பதேயாகும். அம்பு நேர்கோட்டிற் செல்வதில்லை. வில்லை விட்ட கணமே அது நிலத்தை நோக்கித் தாழத் தொடங்குகின்றது. செக்கனுக்கு 50 மீற்றர் வேகத்தில் செல்லும் அம்பு 20 மீற்றர் தூரத்தைக் கடக்க 0.4 செக்கன் எடுக்கும். அந்தச் சிறு நேரத்துள்ளேயே புவியீர்ப்பு அதனை ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் கீழே இழுத்து விடுகின்றது. ஆகவே தூரத்துக்கு ஏற்றபடி வில்லை உயர்த்திப் பிடிக்க வேண்டும். 25 மீற்றரில் நிற்கும் மானை 20 மீற்றரில் நிற்பதாக எண்ணி எய்தால், அம்பு குறித்த இடத்துக்கு ஒரு சாண் கீழே போய்ப் பாயும். நெஞ்சுக்குக் குறித்தது காலில் தைக்கும். அந்த மான் உடனே விழாது. காயத்தோடு காட்டுக்குள் ஓடி, நாட்கணக்கில் வருந்தி மாளும். ஐந்து மீற்றர் பிழைக்கு ஓர் உயிர் படும் பாடு அது.

இதிற் கண்ணும் ஏமாற்றும். வெட்டவெளிக்கு அப்பாலும் குளத்துக்கு அக்கரையிலும் நிற்பது கிட்ட நிற்பது போலத் தோன்றும். அடர்ந்த நிழலுக்குள் நிற்பது தொலைவில் நிற்பதாகத் தோன்றும். மேட்டில் நின்று பள்ளத்தை நோக்கி எய்யும்போது சரிவின் நீளத்தைக் கணக்கெடுத்தால் அம்பு இலக்குக்கு மேலாற் போய்விடும். அங்கே கிடைத்தூரமே கணக்கு. எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்று ஆசையினால் வருவது. வேட்டை கிடைக்க வேண்டும் என்று மனம் தவிக்கும்போது, எட்டாத தூரமும் எட்டும் தூரமாகத் தெரியும்.

ஆதலால் நல்ல வேடன் விலங்கு வரும்வரை காத்திருந்து தூரம் பார்ப்பதில்லை. வேட்டைக்குப் போகாத நாட்களிலும் வழியில் ஒரு மரத்தைக் குறித்து, அது எத்தனை கவடு என மனத்தில் மதித்து, பின்பு நடந்து எண்ணிப் பார்ப்பான். பிழைத்தால் வெட்கப்படாமல் மீண்டும் மதிப்பான். பத்து மீற்றர் எவ்வளவு என்பதைக் கண்ணுக்கு நன்கு பழக்கிக் கொண்டு, தொலைவை அந்த அளவினாற் கூறுபோட்டுப் பார்ப்பான். மறைந்திருக்கும் இடத்துக்கு வந்ததும் சுற்றியுள்ள கல்லையும் புற்றையும் முன்கூட்டியே அளந்து வைத்துக் கொள்வான். இன்று மேலைநாடுகளில் வில்வேட்டையாடுவோர் கையில் லேசர் ஒளியால் தூரத்தை அளந்து சொல்லும் கருவியும் உண்டு. கருவி தூரத்தைச் சொல்லும். எய்யலாமா, விடலாமா என்பதை வேடனின் மனச்சாட்சியே சொல்ல வேண்டும். தன் அளவுக்கு மேற்பட்ட தூரம் என்றால் அம்பை மீண்டும் தூணியில் வைப்பவனே நல்ல வேடன். வள்ளிநாயகியைத் தம் குலக்கொடியாகப் போற்றும் இலங்கை வேடர்களும் ஓசையின்றி நெருங்கிச் சென்று, கிட்ட நின்றே அம்பு எய்து வந்தவர்கள்.

தூரத்தை அறிந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குத் தசரதன் சாட்சி. இளவரசனாயிருந்த காலத்தில், ஓசையைக் கேட்டே இலக்கை எய்யும் வித்தையில் அவன் வல்லவனாயிருந்தான். ஒரு மாரிகால இரவில் சரயு நதிக்கரையிலே யானை நீர் குடிக்கும் ஓசை என எண்ணி அம்பை விட்டான். அவனது மதிப்பில் தூரம் பிழைக்கவில்லை, திசையும் பிழைக்கவில்லை. ஆனால் அங்கே இருந்தது யானையன்று. பார்வையிழந்த தாய் தந்தையருக்காகக் குடத்தில் நீர் மொண்டு கொண்டிருந்த ஓர் இளந்தவசி. மகனை இழந்த தந்தை இட்ட சாபம், இராமபிரான் வனம் சென்ற சில நாட்களில் தசரதனின் உயிரைக் கொண்டுபோயிற்று. குறி தப்பாத அம்பே அவன் வாழ்வைக் குறி தப்பச் செய்தது. அவனிடம் குறைந்தது திறமையன்று. கண்ணாற் காணும்வரை பொறுத்திருக்கும் பொறுமையே.

இன்று ஊர்களில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை என்று எவரும் ஆறுதல் கொள்ள முடியாது. நாவிலிருந்து புறப்படும் சொல் அம்பிலும் கொடியது. வேலிக்கு அப்பால் அரைகுறையாகக் கேட்ட பேச்சை நம்பி ஒருவர் ஒரு சொல்லை எறிகின்றார். அது ஓசை கேட்டு எய்த அம்புதான். ஒரு முழ வேலிக்காகப் பேச்சு முறிந்து, அண்ணனின் மரணவீட்டுக்குத் தம்பி போகாமல் நின்ற வீடுகள் எத்தனை! கிட்டப் போய், முகத்தைப் பார்த்து, "நீ என்ன சொன்னாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அம்பு தூணியிலேயே இருந்திருக்கும். சொல்ல வேண்டியவரின் மனம் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றது, தம் சொல் அங்கே எங்கே போய்த் தைக்கும் என்று மதிக்காமல் எவரும் வாய் திறத்தல் ஆகாது.

இனி இறைவனுக்கும் அடியவனுக்கும் உள்ள தூரத்தை நோக்குக. முண்டக உபநிடதம் பிரணவத்தை வில்லாகவும், ஆன்மாவை அம்பாகவும், பிரமத்தை இலக்காகவும் உவமித்துக் கூறுகின்றது. சைவ சித்தாந்த நோக்கில் அந்த இலக்கு இடத்தால் தூரமானதன்று. உயிருக்கு உயிராய் நிற்கும் பதியை ஆணவ இருளே தூரமாகக் காட்டுகின்றது.

இதை அறிந்த வேடர் ஒருவர் இருந்தார். உடுப்பூரிலே நாகனுக்கும் தத்தைக்கும் மகனாகப் பிறந்த திண்ணனார், கன்னி வேட்டையிலே தப்பியோடிய பன்றியை நெடுந்தூரம் தொடர்ந்தார். அது களைத்து நின்றபோது அவர் தொலைவிலிருந்து அம்பு விடவில்லை. கிட்டச் சென்று சுரிகையாற் குத்தி வீழ்த்தினார். கிட்டப் போகும் அந்தப் பழக்கமே அவரைக் காளத்தி மலைக்கும் ஏற்றியது. குடுமித்தேவரைக் கண்டதும் ஓடிச்சென்று தழுவிக் கொண்டார்.

ஆறாம் நாள் இறைவனின் வலக்கண்ணிலிருந்து குருதி பெருகியது. எய்தவன் எவன் என்று வில்லோடு தேடினார், ஒருவரையும் காணவில்லை. பச்சிலை இட்டும் குருதி நிற்கவில்லை. வேட்டையாடிய அம்பினாலேயே தம் கண்ணை அகழ்ந்து அப்பினார்; குருதி நின்றது. பின்பு இறைவனின் இடக்கண்ணிலும் குருதி வந்தது. தம் மறுகண்ணையும் அகழ்ந்தால் இடம் தெரியாதே என்று, காலை ஊன்றி அந்த இடத்தை அடையாளம் வைத்தார். வேடன் எய்வதற்கு முன் இலக்கைக் குறித்து வைக்கும் அதே பழக்கந்தான் அது. வாழ்நாள் முழுவதும் கண்ணாலே தூரத்தை அளந்தவர், கண்ணே இல்லாமற் போகும் வேளையிலும் குறி தப்பக் கூடாதென்று இலக்கிலேயே கால் வைத்தார். அங்கே அளப்பதற்குத் தூரம் ஏது? இறைவன் திருக்கரம் நீட்டி, நிற்குமாறு மும்முறை கூறித் தடுத்து, அவரைத் தம் வலப்பக்கத்தில் இருத்திக் கொண்டார்.

வேட்டைத் திருவிழாவுக்கு வரும் அடியவர்கள் எம்பெருமான் கையிலுள்ள வில்லைக் கண்டு வணங்கும்போது, இரண்டு தூரங்களை எண்ணிப் பார்த்தல் நன்று. ஒன்று, கோபத்தால் எய்யப் போகும் சொல்லுக்கும் அயலவர் நெஞ்சுக்கும் உள்ள தூரம்; அதை அளந்து அம்பைத் தூணியில் வைத்தல் வேண்டும். மற்றையது, தமக்கும் இறைவனுக்கும் உள்ளதாகத் தோன்றும் தூரம். அதை அளந்து கொண்டிராமல் கிட்டப் போதல் வேண்டும். அன்றைய பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில், நெடுநாள் பேசாதிருந்த ஒரு வீட்டுப் படலையைத் திறப்பாரானால், அவருக்கு வேட்டைத் திருவிழாவின் பயன் கைகூடிற்று எனலாம். அதற்கு எம்பெருமான் திருவருள் எல்லோருக்கும் துணைநிற்பதாக.

சுபம்