அடைக்கலப் பொருளும் அதன் இழப்பும்

பொன்னும் நிலமும் இழந்தார்க்கு ஆறுதல் கூறுவார் பலர். எழுத்தை இழந்தார்க்குக் கூறுவார் சிலரே. பொன் போயின், போயது புறப்பொருள் எனத் துணியலாம். பல்லாண்டு எண்ணி எழுதியது போயின், போயது புறமோ அகமோ என்னும் ஐயம் எழுகின்றது. இவ்வையம் இக்காலத்துப் பலர்க்கும் நேர்வதொன்று. மடிக்கணினியினுள் அமைந்த வன்தட்டு ஒருநாள் செயலொழியின், அதன்கண் வைத்த கடிதம், கணக்கு, நிழற்படம், நூற்குறிப்பு ஆகிய அனைத்தும் ஒருங்கே போகின்றன. அங்ஙனம் இழந்தார் எவ்வாறு ஒழுகற்பாலர் என்பதனைச் சித்தாந்தநெறி நின்று ஆராய்தலே ஈண்டைக் கருத்து.

எமக்கு நேர்ந்ததே இவ்வாராய்ச்சிக்கு வாயிலாயிற்று. குளச்சலில் யாம் உறையும் இல்லம் கடலுக்கு அணித்து. சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, எமது கணினி தட்டுவது போன்ற ஓசையொன்றை இரண்டு மூன்று முறை எழுப்பி ஓய்ந்தது. அதன்கண் இருந்தவை இரண்டு. ஒன்று, சிவஞானசித்தியார் சுபக்கத்திற்கு யாம் பதினோராண்டாக எழுதிவந்த குறிப்புரை. மற்றொன்று, எம் ஆசிரியர் தம் முதுமைக்காலத்துச் சிவஞானபோதம் பாடஞ்சொல்லியபோது பதிவுசெய்த ஒலி. அவர் இறைவனடி சேர்ந்து ஏழாண்டாயின. இவ்விரண்டிற்கும் பிறிதோரிடத்து யாம் படி எடுத்து வைத்திலேம்.

வன்தட்டாவது யாது? கண்ணாடியாலேனும் அலுமினியத்தாலேனும் இயன்ற வட்டத்தகட்டின்மேல் மிக மெல்லிய காந்தப்பூச்சு உடையது. மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை சுழலும். எழுத்தைப் பதிப்பதும் படிப்பதுமாகிய முனை தகட்டினைத் தொடாது, சில நானோமீட்டர் உயரத்தே மிதந்து செல்லும். மயிரிழை ஒன்றன் தடிப்போ பல்லாயிரம் நானோமீட்டராம். 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டு, இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகளைக் கொண்டும் ஐம்பது இலக்கம் எழுத்துக்களையே தாங்கிற்று. இன்று உள்ளங்கையில் அடங்குவதொன்று ஒரு நூல்நிலையத்தைத் தாங்குகின்றது. தாங்கும் அளவு பெருகியதுபோலவே, ஒருங்கே இழக்கும் அளவும் பெருகியது.

இழப்பும் ஒருதன்மைத்தன்று. கோப்பினை நீக்கியவழி, பொதுவாக அட்டவணையிலுள்ள குறிப்பே நீங்கும். மேலே வேறெழுதப்படுங்காறும் எழுத்து அங்கேயே கிடக்கும். அது மறைப்பு. மின்பலகை பழுதுறின், தகடு நலமே, வல்லார் மீட்பர். அது தடை. முனை தகட்டின்மேல் வீழ்ந்து பூச்சினைச் சுரண்டின், எழுத்தைத் தாங்கிய பரப்பே பொடியாய் உதிரும். அஃது அழிவு. எமக்கு நேர்ந்தது மூன்றாவது. நாகர்கோயிலிற் பழுதுபார்ப்பார் ஒருவரிடம் காட்டினேம். அவர் திறந்து நோக்கி, "ஐயா, மேற்பூச்சே போய்விட்டது, இனி எடுக்க வழியில்லை" என்றனர்.

இனி, எமக்கு ஆறுதல் கூற வந்த அன்பர்தம் உரைகளை ஆராய்வாம். ஒருவர், "எல்லாம் மாயைதானே, பொய்ப்பொருள் போயதற்கு வருந்துவானேன்?" என்றனர். இது நம் கொள்கையன்று. மாயை உள்பொருள். தனு, கரண, புவன, போகங்களாய் விரிந்து, இருளிற் கிடக்கும் உயிர்க்கு விடியுங்காறும் விளக்குப்போல உதவுவது. ஏடும் எழுத்தும் அவ்விளக்கின் பாற்பட்டனவே. விடியுமுன் விளக்கவிந்தவனை நோக்கி, விளக்கென்பதே இல்லை என்றல் பொருந்துமா? அவிந்தது மெய், ஆகலின் இழப்பும் மெய்.

மற்றொருவர் சற்காரியவாதம் கூறினர். உள்ளதற்கு இன்மை இல்லை. காரியம் அழிதலாவது காரணத்தில் ஒடுங்குதலே என்பது அவர் மொழி. இது முற்றும் உண்மை. ஆயினும், குடம் உடைந்து நிற்பானிடம் மண் அழிந்திலது என்றாற் போல்வதிது. மண் உளது, நீர் முகத்தற்குக் குடம் இல்லை. பூச்சின் துகள்கள் இன்றும் அப்பெட்டியினுள் உள. அவற்றை மொழியாக்கிய ஒழுங்கு இல்லை. தத்துவவுண்மை ஒன்று, உற்ற குறை வேறொன்று. முன்னதனைக் கூறிப் பின்னதனை மூடல் வாய்மையாகாது.

மூன்றாமவர், "பிராரத்தம், நுகர்ந்தே கழித்தல் வேண்டும்" என்றனர். இதனை யாம் தலைமேற்கொண்டேம். எனினும் பாதியையே கொண்டேம். இழப்பால் வரும் துன்பநுகர்ச்சி பிராரத்தமாதல் தகும். கருவி எதுவும் ஒருநாள் கெடும் என்றறிந்தும் படி எடாது விடுத்த மடிமை எதனுள் அடங்கும்? அது யாம் புதிதாக ஈட்டிய ஆகாமியம். வந்த துன்பத்தைப் பொறுத்தற்கு வினையைக் கூறல் பொறை. செய்யாத கடமையை மறைத்தற்கு வினையைக் கூறல் வஞ்சம்.

இவற்றின் பின்னும் ஒரு கேள்வி எம் ஊரிலிருந்தே எழுந்தது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியபோது, குமரிமாவட்டத்தில் மிகுதியும் அழிவுற்ற ஊர்களுள் குளச்சல் ஒன்று. மக்களையும் மனையையும் ஒரே காலையில் இழந்தவர்கள் இன்றும் எம் தெருவழியே நடக்கின்றனர். அவர் நடுவே ஒரு தட்டிற்காக வருந்தல் நாணுத்தகவுடையது அன்றோ எனின், ஆம். அந்நாணம் எம் குரலைத் தாழ்த்திற்று. ஆயின் கேள்வியை ஒழித்திலது. பிறர் இழப்புப் பெரிதாதலால் எமது கடமை சிறிதாய்விடாது. ஒரிடத்தே வைத்த பொருள் ஓரலையில் ஒருங்கே போகும் என்பதனைக் கண்ணாற் கண்ட ஊரிலிருந்தும் யாம் கல்லாதிருந்தேம் என்பதே மிகுதியும் உறுத்துவது.

நம் சமயத்தார்க்கு இவ்விழப்புப் புதிதன்று. திருமுறைகண்ட வரலாற்றை அறியாதார் இலர். மூவர் அருளிய பதிகங்கள் தில்லையில் ஓரறையிற் காப்பிடப்பட்டிருந்தன. சோழமன்னனும் நம்பியாண்டார் நம்பியும் சென்று அதனைத் திறப்பித்தபோது ஏடுகள் புற்றால் மூடப்பட்டிருந்தன. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எடுத்தவை, பாடப்பட்டனவற்றுள் ஒரு சிறுபகுதியே. ஆளுடைய பிள்ளையார் அருளியவை பதினாறாயிரம் எனக் கூறும் மரபு. இன்றுள்ளவை மூவருக்கும் சேர்த்தே எண்ணூற்றின் அளவினவாம்.

ஈண்டு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. ஏடுகள் காத்தற்பொருட்டே பூட்டப்பட்டன; பூட்டினார்பாற் குற்றமில்லை. ஆயினும் மூடிய அறை சிதலுக்கு இடமாயிற்று. சிதலை வைதலும் வேண்டா. எம் ஊர்க்கு அணித்தாகிய மண்டைக்காட்டிற் பகவதியம்மையைப் புற்றுருவிலேயே வழிபடுகின்றேம். புற்று தன் இயல்பிற் செய்வதனைச் செய்தது. மற்றொன்று, பதிகங்களுக்குரிய பண்கள். அவற்றை எவ்வறையிலும் வைத்துப் பூட்டினாரிலர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய ஒரு பெண்பாலார் திருவெருக்கத்தம்புலியூரில் இருந்தனர். திருவருளால் அவர் வழியே பண்கள் வகுக்கப்பெற்றன என்பது வரலாறு. ஏட்டிற் கிடந்தது சிதலுக்கு இரையாயிற்று. மிடற்றில் வாழ்ந்தது வெளிவந்தது.

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்குப் பிடாரர் 48 பேரை அமைத்ததும் இக்கருத்திற்கு இயைவதே. பிள்ளையாரின் திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளிற் காணப்படாது, 1917இல் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டிலிருந்து கிடைத்ததும் நினைக்கத்தக்கது. ஏடு, கல், மிடறு என மூவிடத்தும் பரவிய பொருள், ஓரிடம் கெட்டவழி மற்றோரிடத்து எஞ்சுகின்றது.

இதனை எழுதுங்கால் எமது குற்றம் ஒன்றனை மறைத்தல் ஆகாது. வன்தட்டுக் கெடுவதற்கு இரண்டாண்டின் முன், மாணாக்கர் ஒருவர் எம் ஆசிரியரின் ஒலிப்பதிவிற்கு ஒரு படி வேண்டினர். "குறிப்புரை அச்சேறிய பின்னர்த் தருவாம்" என்று மறுத்தேம். செப்பம் செய்தல் வேண்டும் என்பது வாயாற் கூறிய காரணம். உள்ளே கிடந்த காரணம் வேறு. அவ்வுரையை முதற்கண் எடுத்துக்காட்டுவார் யாமாகவே இருத்தல் வேண்டும் என்பது அது. ஆணவத்தைப்பற்றி முப்பதாண்டு பாடஞ்சொல்லியும், அஃது ஒரு கோப்பின் உருவில் எம் மேசைமேல் இருந்ததனைக் கண்டிலேம்.

அற்றேல், தகுதி அறியாது யாவர்க்கும் கொடுத்தல் மடங்களின் மரபிற்கு மாறாகாதோ எனின், ஆகாது. பக்குவம் நோக்கிக் கொடுத்தல் வேறு. பக்குவமுடையார் வந்து நிற்பவும் கொடாமை வேறு. எம்மிடம் வந்தவர் பக்குவமுடையாரே.

கணினி கெட்டமை கேட்டு அவர் வந்தனர். பலவாண்டின் முன் சனிக்கிழமை வகுப்பில் யாம் சொல்ல அவர் எழுதிக்கொண்ட குறிப்பேடு கையில் இருந்தது. முதல் மூன்று சூத்திரங்களின் குறிப்புரை முற்றும் அதிலிருந்தது. "ஐயா, இதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்" என்று வைத்தனர். பழைய மறுப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னாரிலர். யாம் எமதென்று காத்தது போயிற்று. பிறர்க்கென்று வழங்கியதே எமக்கு மீண்டது.

இதனாற் பெறப்படுவது யாதெனின், அறிவுப்பொருள் உடைமையன்று, அடைக்கலம் என்பதே. உடைமையெனக் கொண்டான் பூட்டுவான். அடைக்கலமெனக் கொண்டான் படி எடுப்பான், வழங்குவான், பயிற்றுவான். வழிகளோ எளிய. கணினியில் ஒன்று, புறத்தே வேறொரு தட்டில் ஒன்று, தொலைவில் மற்றோரிடத்து ஒன்று என மூன்று படிகள் வைத்தல் வேண்டும். அவை திறக்கின்றனவா எனத் திங்கள்தோறும் நோக்கல் வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத்திட்டத்தார் தமிழ்நூல்களை மின்வடிவாக்கி யாவரும் படியெடுக்க விடுத்தமையால், அந்நூல்கள் இன்று எண்ணற்ற இல்லங்களில் உள்ளன. ஒரு தட்டுக் கெட்டவாற்றால் அவை கெடா.

குறிப்புரையை நான்காஞ் சூத்திரத்திலிருந்து மீண்டும் எழுதுகின்றேம். எழுதுந்தோறும் அம்மாணாக்கர்க்கு ஒரு படி செல்கின்றது. முன் எழுதியதனினும் சில இடங்கள் நன்றாய் அமைகின்றன. சில இடங்கள் நினைவிற்கு வருவதே இல்லை. ஆயின் எம் ஆசிரியர் குரல் வேறு. அவர் பொருளை எம் சொல்லால் எழுதலாம். அரிய இடத்தில் அவர் சற்றே நிறுத்தி, "கேட்டீரோ" என்று வினவும் ஓசையை எழுத இயலாது. அது போயிற்று. அதனை எவ்வாறுதலாலும் மூட யாம் விரும்பிலேம். அவ்வெற்றிடம் எம்மைத் திருத்துவதாக.

இதனைப் படிப்பார் கையில், மூத்த புலவர் ஒருவரின் பாடவொலியோ கையெழுத்துக் குறிப்போ தனித்து ஒரு படியாய் இருப்பின், அடுத்த இதழ் வருங்காறும் பொறாது, இத்திங்களே அதனைப் படியெடுத்துத் தக்கார் இருவர்க்கேனும் வழங்குக. கேட்டு வருவார்க்கு, "பின்னர்த் தருவாம்" என்னாதொழிக.

திருச்சிற்றம்பலம்.