யார் செய்த பாவம்?



இந்த மாதம் தேவசெய்திக்குப் பதிலாக என் தப்பு ஒன்றை எழுதுகிறேன்.

பெருங்களத்தூரிலிருந்து நம் சபைக்கு வரும் ஒரு சகோதரி, தையல் வேலை. ஆராதனையில் இரண்டு கையும் உயர்த்தித் துதிக்கிறவர்கள். கொஞ்ச நாளாய்க் கை உயர்த்தவில்லை. ஆவியில் குளிர்ந்துபோனார்கள் என்று நினைத்தேன். பிறகு, தலை வாரக்கூட கை எழும்பவில்லை, தாம்பரம் ஸ்டேஷன் படி ஏற முடியவில்லை என்று அழுதார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உள்ளத்தை ஆராய்ஞ்சு பாருங்கம்மா, அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கும். மூணு நாள் உபவாசம் இருங்க."

கீழ்ப்படிந்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். மாமியாரை எதிர்த்துப் பேசியது, பிளவுஸ் துணியில் மிச்சம் பிடித்தது, பத்து வயதில் திருடின நெல்லிக்காய். ஜெபித்தோம். கை எழும்பவில்லை. அடுத்த வாரம் இன்னும் ஒரு பக்கம் எழுதினார்கள். இப்படியே நாலு மாதம் போயிற்று. சாதம் விழுங்கவே கஷ்டமான பிறகுதான் மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

சி.பி.கே. என்று ஒரு ரத்தப் பரிசோதனை. தசை சிதைந்தால் அந்த எண் ஏறும். ஏறக்குறைய 200-க்குள் இருக்கவேண்டியது, இவர்களுக்கு 6,000-ஐத் தாண்டியிருந்தது. தொடையில் துளி சதை எடுத்துப் பார்த்துவிட்டு மயோசிட்டிஸ் என்றார்கள். ஸ்டீராய்டு கொடுக்குமுன் டி.பி. இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் உள்ளே உறங்குகிற டி.பி. எழும்பிவிடுமாம்.

டி.பி.யை நம் ஊருக்குத் தெரியும். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து திறந்த ஆஸ்பத்திரியால்தானே ஸ்டேஷனுக்கே சானடோரியம் என்று பேர்! அதற்காவது 1882-ல் ராபர்ட் காக் கண்டுபிடித்த கிருமி உண்டு. இந்த வியாதியிலோ, சரீரத்தைக் காக்க வேண்டிய அணுக்களே சொந்தத் தசையைச் சத்துரு என்று நினைத்து அடிக்கின்றன. ஏன் இவருக்கு வந்தது, அவருக்கு வரவில்லை என்று பெரிய டாக்டர்களாலும் சொல்ல முடிவதில்லை.

பல்லாவரத்தில் வளர்ந்த நடிகை சமந்தா, 2022 அக்டோபரில் தனக்கும் இதே வியாதி என்று வெளியே சொன்னார். (சினிமாக்காரர் பேர் நம்ம பத்திரிகையில் எதற்கு என்று மூப்பர் கோபிக்க வேண்டாம்.) "சினிமாவில் ஆடினால் வராதா?" என்று நம்மில் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அப்படியானால் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எந்த ஆட்டத்தினால் வந்தது?

குடிகாரனுக்கு ஈரல் கெட்டால் காரணம் கேட்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட கேள்விக்கு, இவனும் காரணமல்ல, பெற்றோரும் காரணமல்ல என்று ஆண்டவரே சொல்லிவிட்டார் (யோவான் 9). யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்தார்கள். அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தபோதுதான் கெட்டார்கள். நாமோ ஏழு நிமிஷம்கூட உட்காருவதில்லை. காரணம் தெரிந்துவிட்டால் 'அது எனக்கு வராது' என்று நிம்மதியாய்த் தூங்கலாம் அல்லவா? என் நிம்மதிக்காகத்தான் அந்தச் சகோதரியைப் பாவம் தேட அனுப்பினேன் என்று இப்போது தெரிகிறது.

கர்த்தர் சுகமாக்குகிறவர், இன்றும் கை வைத்து ஜெபிக்கிறேன். ஆனால் மாத்திரையை விடச் சொல்லமாட்டேன். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டர்தான் படிப்படியாய்க் குறைக்கவேண்டும்.

போன மாதம் மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாத்திரையினால் முகம் உப்பியிருந்தது, சர்க்கரையும் ஏறியிருந்தது. கை தோள்மட்டுக்கு எழும்புகிறது.

"அது கெடக்கட்டும் பாஸ்டர். அந்த நோட்டுல இன்னும் எழுதணுமா, போதுமா? அதை மட்டும் சொல்லுங்க."

"போதும்மா" என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போகணும், மகனுக்கு லீவு கிடைக்கலை என்றார்கள். நானும் என் மனைவியும் காலை வண்டியில் பார்க் ஸ்டேஷன்வரைக்கும் கூடப் போனோம். படிக்கட்டில் நிற்க நிற்கத்தான் ஏறினார்கள்.