இயந்திரம் மறுக்கும்போது

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளில், கதவு சரியாக மூடாவிட்டால் சிஎன்சி லேத் சுழலாது. கதவு திறந்திருக்கிறது என்று திரையிலேயே அலாரம் வரும். ஆபரேட்டர் கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்பார். மோட்டார் எரிந்துவிட்டதோ என்று யாரும் லேத்தைப் பிரித்துப் போடுவதில்லை.

அதே பேட்டையின் ஐடி அலுவலகங்களில் இந்தத் தெளிவு பல சமயம் கிடைப்பதில்லை. மேக் கணினியில் ஆப்பிளின் மென்பொருள் உருவாக்கும் கருவித் தொகுப்பான எக்ஸ்கோட் புதுப்பிக்கப்பட்டால் சில நேரம் உரிம ஒப்பந்தத்துக்கு மறுபடியும் சம்மதம் கேட்கும். சம்மதிக்கும்வரை நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் கம்பைலர் ஓடாது. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்ய ஆப்பிள் தரும் கிட் கட்டளையும் எக்ஸ்கோட் வழியாகவே இயங்குவதால் அதுவும் நின்றுவிடும். கம்பைலரை நேரடியாக அழைத்தால் காரணத்தைச் சொல்லிவிடும்: உரிமத்தை ஏற்கவில்லை, நிர்வாகி அனுமதியோடு இந்தக் கட்டளையை இயக்குங்கள் என்று. என்ன தடை, யார் நீக்கலாம், இரண்டும் அந்தச் செய்தியிலேயே இருக்கின்றன.

ஆனால் கம்பைலரை வேறொரு ஸ்கிரிப்ட் அழைக்கும்போது, அந்தச் செய்தி நம் கண்ணுக்கு வருவதற்குள் தொலைந்துபோகிறது. 1991-இல் உருவான ஆட்டோகான்ஃப் என்ற பில்ட் கருவி தயாரிக்கும் ஸ்கிரிப்ட், முதலில் ஒரு குட்டி சி நிரலை எழுதி கம்பைலரிடம் கொடுத்துப் பார்க்கும். அது தோற்றால், சி கம்பைலரால் இயங்கும் கோப்பை உருவாக்க முடியவில்லை என்று திரையில் அறிவிக்கும். கம்பைலர் சொன்ன உண்மையான காரணம் ஒரு பதிவுக் கோப்புக்குள் கிடக்கும். ரூபி மொழியின் நூலக நிறுவல் இன்னும் ஒருபடி மேலே போய், டெவலப்மென்ட் கருவிகளை முதலில் நிறுவச் சொல்லும். அவை ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன! சில பைத்தான் நூலக நிறுவல்களில் பிழைக் குறியாக 69 என்ற எண் மட்டும் மிஞ்சும். யூனிக்ஸ் மரபில் சேவை கிடைக்கவில்லை என்பதற்கான குறி அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு அது எப்படித் தெரியும்?

ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வந்து அப்படிச் சேரும் பிள்ளைகள் இப்படியொரு பிழை வரியைப் பார்த்ததும் கம்பைலரைச் சந்தேகப்படுவதில்லை, தங்களைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பல ஜிபி எக்ஸ்கோட்டை அழித்துவிட்டு மறுபடி இறக்குகிறார்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கவும் கூச்சம். அலுவலக மடிக்கணினி என்றால் நிர்வாகி கடவுச்சொல் ஐடி பிரிவிடம் இருக்கும். ஒரு டிக்கெட் போட்டால் முடிகிற காரியம். டிக்கெட் போட வேண்டும் என்பதே தெரியாததுதான் கொடுமை.

பழுதும் தடையும் ஒன்றல்ல. பழுதானதைச் சரிசெய்யத் திறமை வேண்டும். தடைபட்டதை நீக்க, யாரைக் கேட்பது என்று தெரிந்தால் போதும். தடையைப் பழுது என்று சொல்லும் ஒரு வரி, கேட்டுப் பெற வேண்டியவரைத் தன் திறமையோடு மல்லுக்கட்ட வைக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதியவருக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது. ஆனாலும் கீழே இருந்து வந்த காரணத்தை விழுங்கிவிட்டுத் தன் ஊகத்தை மேலே அனுப்புகிற எவரும், இயந்திரமோ மனிதரோ, இதைத்தான் செய்கிறார்கள்.

இதைத் தீர்ப்பது பெரிய வேலையில்லை. உரிமம் ஏற்கப்படவில்லை என்றால், மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்புரூ அதை வெளிப்படையாகச் சொல்லி, இயக்க வேண்டிய கட்டளையையும் தருகிறது. ஆண்ட்ராய்டு பில்டில் எந்தெந்தப் பாகத்தின் உரிமம் பாக்கி என்று பெயரோடு வருகிறது. மற்ற பில்ட் ஸ்கிரிப்டுகளைப் பராமரிப்பவர்களும் சோதனை தோற்ற இடத்தில் கம்பைலர் சொன்னதை அப்படியே திரையில் காட்டட்டும். தங்கள் ஊகத்தை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.