சாட்சியில்லா நேர்மை

சுவிற்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே பிறை வடிவிற் கிடக்கும் ஜெனீவா வாவியில், ஜூன் மாத வார இறுதியொன்றில் 'போல் டோர்' என்னும் பாய்ப்படகுப் போட்டி நடைபெறுகின்றது. 1939ஆம் ஆண்டு தொடங்கிய போட்டி அது. சனிக்கிழமை காலை ஜெனீவாவிலிருந்து புறப்படும் நூற்றுக்கணக்கான படகுகள், வாவியின் மறுகோடியிலுள்ள லு புவெரே என்னும் ஊரின் முன் நிற்கும் குறியைச் சுற்றி மீளுதல் வேண்டும். மொத்தத் தூரம் ஏறத்தாழ 123 கி.மீ. காற்று ஓய்ந்துவிட்டால் பல படகுகள் இரவு முழுவதும் நீரிலே தவங்கிடந்து, ஞாயிற்றுக்கிழமையே கரை சேர்கின்றன.

இத்தகைய போட்டியில் மெய்யியல் மாணவனின் கவனத்தை ஈர்ப்பது வேகமன்று, தண்டனை முறையேயாகும். உதைபந்தாட்டத்திலே தவறு நிகழ்ந்ததும் நடுவரின் ஊதுகுழல் ஒலிக்கின்றது. ஊதாவிட்டால் தவறே நிகழவில்லை என்பதுபோல் ஆட்டம் தொடர்கின்றது. பாய்ப்படகோட்டத்தின் விதிநூலோ, விதியை மீறியவன் தானாகவே தண்டனையை ஏற்கவேண்டும் என்பதை விளையாட்டுப் பண்பின் அடிப்படையாக வைத்துள்ளது. இடப்புறம் காற்றை வாங்கி ஓடும் படகு, வலப்புறம் காற்றை வாங்கி வரும் படகுக்கு வழிவிடல் வேண்டும். வழிவிடத் தவறினால் விலகிச் சென்று இருமுறை வட்டமிடவேண்டும். குறியைத் தொட்டுவிட்டால் ஒருமுறை. சில பெரும் போட்டிகளில் நடுவர்கள் படகிற் பின்தொடர்வதுண்டு. அதனால் இக்கோட்பாடு மாறிவிடுவதில்லை.

ஆயினும், இதனை உடனே அறம் என்று போற்றிவிடலாமா? பக்கத்துப் படகிலிருந்து ஆட்சேபக் குரல் எழுந்த பின் வட்டமிடுபவன், பின்னர் நடைபெறக்கூடிய விசாரணைக்கு அஞ்சியே அவ்வாறு செய்திருக்கலாம். 1785இல் வெளிவந்த தமது நூலில் இமானுவேல் கான்ற் காட்டும் வணிகன் இவனுக்கு உறவினன். விவரமறியாத வாடிக்கையாளனையும் அவ்வணிகன் ஏமாற்றுவதில்லை. ஆனால் அந்நேர்மையிலே அவனுக்கு ஆதாயம் உண்டு. ஆகவே இருளில், அருகில் எவருமில்லாத வேளையில், குறியை உரசிவிட்ட படகோட்டியையே நாம் ஆராயவேண்டும்.

பிளேட்டோவின் 'குடியரசி'லே கிளோக்கன் எழுப்பும் வினாவும் இதுவே. அணிந்தவனை மறைத்துவிடும் மோதிரம் கிடைத்தால் நீதிமானும் நீதியைக் கைவிடுவான் என்பது அவன் வாதம். பிறர் பார்வையே நம்மைக் கட்டுப்படுத்துகின்றது, பார்வை அகன்றால் கட்டும் அகலும் என்று அவன் கொள்கின்றான். வாவியில் நிலைமை வேறு. அங்கு காவல் இல்லாமை தற்செயலன்று. போட்டியாளர் அனைவரும் ஒருவரையொருவர் நம்பி, காவலின்றி விளையாட உடன்பட்டிருக்கின்றனர். எனவே பிறர் காணாமை கடமையைத் தளர்த்துவதில்லை. அக்காணாமைதான் கடமையைப் பிறப்பிக்கின்றது. இருளில் வட்டமிடாது செல்பவன் விதியை மீறுவதோடு, தன்னைப் பாராதிருக்கச் சம்மதித்தவர்களின் நம்பிக்கையையும் திருடுகின்றான்.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. பாய்ப்படகு பெரும்பாலும் வசதியுள்ளோர் விளையாட்டு. தோற்றாலும் கிண்ணமொன்றே போகும், வயிறு காய்வதில்லை. இழப்புச் சிறிதாக இருக்குமிடத்தில் நேர்மை மலிவானதன்றோ? இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. ஞாயிறன்று வாவியில் வட்டமிட்டவன் திங்களன்று தன் கணக்குப் புத்தகத்திலும் அவ்வாறே நடப்பான் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. எனினும் வறுமை, அச்சம் என்னும் சாக்குகள் யாவும் நீங்கிய இடத்திலும் ஒருவன் ஏமாற்றுவானாயின், அவனுக்காகச் சொல்ல என்ன எஞ்சியிருக்கின்றது?

ஆபத்திலிருப்போருக்கு இயன்ற உதவி அனைத்தும் செய்யவேண்டும் என்பதும் அதே விதிநூலின் கட்டளை. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டிகள் பூசான் கடலில் நடைபெற்றன. அங்கு இரண்டாமிடத்தில் ஓடிக்கொண்டிருந்த கனேடியர் லோறன்ஸ் லெமியூ, வழிவிலகிச் சென்று சிங்கப்பூர் வீரர் இருவரைக் காப்பாற்றினார். நடுவர் குழு அந்த ஓட்டத்தில் அவருக்கு இரண்டாமிடத்தையே வழங்கியது. சிறப்புப் பதக்கமும் கிடைத்தது. அது தகுந்ததே. ஆனால் லு புவெரேயின் குறியை நள்ளிரவில் உரசியவனுக்கு எக்குழு ஈடுசெய்யும்? மெல்லிய காற்றில் ஒரு வட்டம் பல நிமிடங்களை விழுங்கிவிடும். அவன் சுற்றி முடிப்பதற்குள் பின்னால் வந்த படகு கடந்து செல்கின்றது. தான் எவ்வாறு முந்தினோம் என்பது அதிலிருப்போருக்குத் தெரியாது.