மாலையும் தீர்ப்பும்

என் ஆல்பத்தில் ஒரு முதல் நாள் உறை இருக்கிறது. முத்திரைத் தேதி 2012 பிப்ரவரி 23. ராயல் மெயில் அன்று வெளியிட்ட அந்தத் தபால்தலையில் பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டூரிங்கின் பெயர் உண்டு, முகம் இல்லை. ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க உதவிய 'பாம்' இயந்திரத்தின் உருளைகள்தான் வரிசையாகத் தெரிகின்றன.

'பலனை எதிர்பாராதே' என்று பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம், அப்படி யார்தான் வாழ்ந்தார்கள் என்று கேட்பேன். அந்தச் சங்கேதத்தை உடைக்கும் பணி நடந்த பிளெட்ச்லி பார்க்கில் ஆயிரக்கணக்கானோர் அப்படி வாழ்ந்திருக்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தும் 1970-கள் வரை பெற்றவர்களிடமும் கணவனிடமும்கூட அந்த வேலையைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை. பிள்ளை போரில் என்ன செய்தது என்று தெரியாமலே கண்மூடிய பெற்றோர் உண்டு.

அப்படியானால் அவர்களுக்கு எதற்குத் தபால்தலை? செய்தவருக்குப் புகழ் வேண்டாமல் இருக்கலாம். அதனால் பலன் பெற்றவரின் நன்றிக்கடன் தீர்ந்துவிடுமா? பற்றின்மை அவர்களுடைய அறம். செய்ந்நன்றி மறவாமை நம்முடையது.

டூரிங் விஷயத்தில் அந்தக் கடன் இன்னும் கனமானது. தன்பாலின உறவுக்காக 1952-இல் அவரைத் தண்டித்தது அவர் காப்பாற்றிய நாடுதான். 1954-இல் இறந்தார். பிரதமர் கார்டன் பிரவுன் 2009-இல் வருத்தம் தெரிவித்தார். அரச மன்னிப்பு வந்தது 2013 டிசம்பரில். ஆக, இந்த உறையில் முத்திரை விழுந்த நாளில் சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் குற்றவாளி. ஒரு கையில் மாலை, மறு கையில் பழைய தீர்ப்பு. புகழ்ந்துவிட்டால் செய்த பிழை தீர்ந்தது என்று வாதாடுபவர்களிடம் இந்த உறையைத்தான் எடுத்துக் காட்டுவேன்.