விளையாட்டுக் குண்டும் மெய்வினையும்

கணிப்பொறியில் பி-17 குண்டுவீச்சு விமானம் செலுத்தி விளையாடும் இளைஞர் ஒருவர், "இது கொலைப் பாவமோ?" என நம்மை வினவினார்.

உயிர் இருத்தல், உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, மரணம் ஆகிய ஐந்தும் கூடினாலன்றிக் கொலையாகாது என்பர் பௌத்தச் சான்றோர். ஆதலின் சீலம் முறியவில்லை.

ஆயினும் மனத்தை ஆராய்வோம். இலக்கை நெருங்குகையில் உயரமும் வேகமும் திசையும் மாறலாகாது. சுற்றிலும் பீரங்கிக் குண்டு வெடிப்பினும் அணி பிரியலாகாது. எத்துணை ஒருமை! 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகர்மேல் பறந்தோரும் இவ்வொருமை உடையோரே. கீழே ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர்.

அன்பர்களே, கருணையற்ற ஒருமை நற்சமாதியன்று. திரையில் மனிதர் தென்படார். நினைவிலேனும் அவர்களை வையுங்கள். மறந்து பழகிய மனம் மெய்யாகவும் மறக்கும்.